காரணம் என்ற கட்டம்

மாலை ஐந்தரைக்கு முதல் அழைப்பு,
ஒன்றியச் செயலாளர் சின்னக்கருப்பன்.
'தங்கச்சி, ஏழு மணிக்கு
குடியரசுத் தலைவர் பேசுறாக.
பள்ளத்தூர் லைன்ல ஏதாச்சும் பழுது இருக்கும்ல?'
இல்லை என்றேன்.
'இருக்கும். நல்லாப் பாரு.'

ஆறு மணிக்கு வயிரவன்.
எதிர்க்கட்சி.
கடைவீதியில் திரை கட்டியாயிற்று,
நானூறு நாற்காலி, அண்டா நிறைய ரோஸ்மில்க்.
'ஆட்சி கலையிற சேதிய
சனம் ஒண்ணா உக்காந்து கேக்கணும்.
கரண்டு போச்சுன்னா
உங்க பேரு எங்களுக்குத் தெரியும், உமையாள்.'

தெரியாமல் என்ன,
வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது,
அபாய மண்டையோட்டுக்கு நேர் கீழே.

மூன்றாவது, உதவிப் பொறியாளர்.
'நான் உனக்கு போன் பண்ணவே இல்லை, சரியா?'
சரி சார்.
எதைச் சொல்லாமல் வைத்தார் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

துணைமின் நிலையம் என்பது
சரளைக்கல் பரப்பிய கட்டாந்தரை,
முனகிக்கொண்டே இருக்கும் இரண்டு மின்மாற்றி,
ஒரு மேசை, ஒரு பதிவேடு,
ஏழு ஊருக்கு ஏழு பிடி.
திருகினால் இருட்டு.
பதினோரு வருடமாக அது அதிகாரம் என்று
எனக்கும் தோன்றியதில்லை,
யாரும் கேட்டதுமில்லை.

ஊரை நான் ஆம்பியரில்தான் பார்ப்பேன்.
எண்பது அறை வீடுகள் ஒரு தெரு முழுக்க நின்றாலும்
முள் அசையாது, காவல்காரர் அறைக்கு ஒரு பல்பு.
அச்சுக்கூடம் ஓடினால் தெரியும்,
கல்யாண மண்டபம் என்றால் தெரியும்.
அன்றைக்கு ஆறே முக்காலுக்குக்
கடைகள் ஒவ்வொன்றாய் அடைக்க முள் இறங்கியது.
காரைக்குடியிலிருந்து இரண்டு போலீஸ் வேன் என்றான் சேவுகன்.
ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
வீட்டுக்கு வீடு டிவி.
விறுவிறுவென்று ஏறியது,
உலகக் கோப்பைக்குக்கூட அவ்வளவு ஏறாத முள்.

என் போனில் பார்த்தோம்.
விவசாயிகள் வந்தார்கள்,
விண்கலம் வந்தது,
இளைஞர்களின் கையில் எதிர்காலம் வந்தது.
'எப்பக்கா கலைப்பாக?' என்றான் சேவுகன்.
இருடா.
அரசியலமைப்பின் மாண்பு என்றார் மொழிபெயர்ப்பவர்,
ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்,
'சில மாநிலங்களில்—'

கடைவீதிப் பக்கம் ஆயிரம் வாலா வெடித்தது.
முழுதாக வெடித்து முடியவில்லை,
ஊருணிக்கரையில் ஒரு நீல வெளிச்சம்.
படார்.
முள் விழுந்தது.
செல்போன் கோபுரமும் அதே பாதையில்தான்.

டார்ச்சோடு போன சேவுகன்
தோகையைப் பிடித்துத் தூக்கி வந்தான்.
அடைந்திருந்த மரத்திலிருந்து
எதற்கோ மிரண்டு பறந்திருக்கிறது.
கருகிய வாசம்.
கழுத்தில் மட்டும் இன்னும் அந்த நீலம்.

19.22. பள்ளத்தூர் பாதை விடுபட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
மயில் என்று எழுதினேன்.

19.41க்குச் சரிசெய்தபோது
தேசிய கீதம் முடிந்து
சமையல் போட்டி ஓடிக்கொண்டிருந்தது.

விடியுமுன் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள்,
சனநாயகத்தின் குரல்வளையை நெரித்த மின்வாரியம் என்று.
ஒரு கல் வந்து மண்டையோட்டின் தாடை பெயர்ந்தது.
வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து
மயிலை எடைபோட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார்.
உதவிப் பொறியாளர் இந்த முறை போன் பண்ணினார்.
'தேசியப் பறவைம்மா.
எழுதினா வேற அர்த்தம் வரும்.
காத்துன்னு மாத்திடு.'
நேற்றுக் காற்றே இல்லையே சார்.
'அது யாருக்குத் தெரியும்?'

செய்தித்தாளில் முழு உரையும் வந்திருந்தது.
ஆறாம் பத்தி, மூன்றாம் வரி.
சில மாநிலங்களில் பருவமழை சராசரிக்கும் குறைவு.
அவ்வளவுதான்.
சேவுகனுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.
வயிரவனுக்கு அனுப்பினேன்,
இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

பதினோரு மணிக்கு ஒரு பையன் பைக்கில் வந்தான்.
'ஒன்றியம் குடுத்துவிட்டாக.'
அரைக்கிலோ மைசூர்பாகு, நெய் கசியும் அட்டைப்பெட்டி.
நான் எதுவும் செய்யலைன்னு சொல்லு.
'அதத்தான் சொல்லச் சொன்னாக.
எதுவும் செய்யாததுக்கு நன்றியாம்.'

பெட்டி மதியம்வரை
பதிவேட்டின் மேலேயே இருந்தது.
சேவுகன் நாலு தின்றான்.
நான் ஒன்று.
நன்றாகத்தான் இருந்தது.